வலது கண்ணின் ரகசியம்

பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வட்டுதான். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால், ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். அப்படி வந்த ஒரு வட்டுதான் வில்லி ஓ'ரீயின் வலது கண்ணைப் பதம் பார்த்தது.

வில்லி, கனடாவின் ஃபிரடெரிக்டன் நகரில் 1935-ல் பிறந்தவர். வீட்டில் 13 பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. முன்னோர், அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள். மூன்று வயதிலேயே சறுக்கு ஷூவை மாட்டிக்கொண்ட வில்லிக்கு ஹாக்கியே உலகம்.

ஜூனியர் போட்டி ஒன்றில் அந்த அடி விழுந்தபோது வயது 20. வலது கண் பார்வையில் 95 சதவிகிதம் போய்விட்டது. ‘இனி ஹாக்கி வேண்டாம்’ என்றார் டாக்டர். சில வாரங்களிலேயே மறுபடி பனித்தரையில் நின்றார் வில்லி. ஒரு கண் தெரியாதவரை தேசிய ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல். சேர்க்காது. அதனால் மூச்சு விடவில்லை. பொய் சொன்னாரா என்றால், கேட்டால்தானே சொல்வதற்கு? அவரை யாரும் கண் பரிசோதனைக்கே அனுப்பவில்லை!

1958 ஜனவரி 18. மான்ட்ரியலில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். என்.ஹெச்.எல்.-லில் ஆடிய முதல் கறுப்பின வீரர். அன்று பார்த்தவர்களின் கண்ணில் பட்டது அவர் நிறம் மட்டும்தான்.

உண்மையான சிக்கல் வேறு. வில்லி ஆடியது இடது ஓரத்தில். அங்கே நிற்பவருக்கு வட்டு பெரும்பாலும் வலப்பக்கமிருந்துதான் வரும். அந்தப் பக்கம்தான் இவருக்கு இருட்டு. ஒவ்வொரு முறையும் தலையை வலது தோள்வரை திருப்பி, இடது கண்ணால் தேட வேண்டும். அந்த அரை நொடியில் எதிரணிக்காரர் வந்து மோதிவிடுவார். அமெரிக்க அரங்குகளில் பார்வையாளர்களின் வசவுகள் தனி. சிகாகோவில் எதிரணி வீரரின் மட்டை இடித்ததில் முன்பல் இரண்டு போனது, மூக்கு உடைந்தது.

என்.ஹெச்.எல்.-லில் மொத்தம் 45 ஆட்டங்கள், 4 கோல்கள். 1961-க்குப் பிறகு அங்கே வாய்ப்பே வரவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில், அதற்கு அடுத்த நிலை லீக்கில் சேர்ந்தார். இடது ஓரத்துக்கு ஆட்கள் அதிகம் என்று பயிற்சியாளர் இவரை வலது ஓரத்துக்கு மாற்றினார். கண் விஷயம் அவருக்குத் தெரியாது. அந்த மாற்றத்தில், மைதானம் முழுக்க வில்லியின் நல்ல கண் பக்கம் வந்துவிட்டது. 1964-65 சீசனில் மட்டும் 38 கோல்கள்! இந்த யோசனை பாஸ்டனில் யாருக்காவது வந்திருக்கலாம். ஆனால், அங்கே வாயைத் திறந்திருந்தால் வேலையே போயிருக்கும்.

43 வயதுவரை, 1979 வரை ஆடினார். பிறகு சான் டியாகோ பக்கம் ஒரு ஹோட்டலில் செக்யூரிட்டி வேலை. 1998-ல் என்.ஹெச்.எல். அவரைத் தேடி அழைத்தது. ஹாக்கி ஆடும் வாய்ப்பே கிடைக்காத பிள்ளைகளிடம் அந்த விளையாட்டைக் கொண்டுசெல்லும் பொறுப்பு. ஊர் ஊராகப் போனார். 2018-ல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது.

2022 ஜனவரி 18. முதல் ஆட்டம் ஆடி சரியாக 64 ஆண்டுகள். வில்லியின் 22-ம் எண்ணை இனி வேறு யாருக்கும் தருவதில்லை என்று பாஸ்டன் அரங்கின் கூரையில் ஏற்றினார்கள். கொரோனா காலம் என்பதால் 86 வயது வில்லி போகவில்லை. சான் டியாகோவிலிருந்தே, ஆன்லைனில் அந்த விழாவில் கலந்துகொண்டார்.