'நிரந்தரம்' என்று சொன்னா நம்பிடாதீங்க

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறும் பிள்ளைகள் இப்ப டியூஷனுக்கு மட்டும் போறதில்ல. "மேலுதட்டு முடிக்கு லேசர் பண்ணப் போறேன்டி" என்று ஒரு தோழி காதுக்குள்ள சொன்னா. ஃபோனில் விளம்பரம் பார்த்தாளாம்: ஆறே தடவை, ஆயுசுக்கும் முடி வராது. போறது பிழை என்று நான் சொல்ல வரல்ல. என்ன நடக்குது என்று தெரிஞ்சுகொண்டு போங்க.

லேசர் முடியை வெட்டுறதில்ல. முடிக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூடு, முடியை மறுபடி முளைக்க வைக்கும் கலங்களைச் சேதப்படுத்தும். இதன் அடிப்படைத் தத்துவத்தை அமெரிக்க மருத்துவர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் 1983இல் விளக்கினாங்க. வளரும் கட்டத்தில் இருக்கும் முடியில்தான் இது நல்லா வேலை செய்யும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளராது. அதனாலதான் சில வார இடைவெளியில் பல தடவை போகணும். நரைமுடியில் மெலனின் இல்ல, அதனால பலனும் இல்ல.

சிக்கல் என்னன்னா, அதே மெலனின் நம்ம தோலிலும் இருக்கு. வெளிறிய தோலில் கறுப்பு முடி என்றால் லேசருக்கு வேலை லேசு. நம்ம மாநிறத்திலும் கறுப்பிலும் பொருத்தமில்லாத கருவியோ, கூடுதலான சக்தியோ பட்டா முடியோட தோலும் வேகும், கறுப்புத் தழும்பு விழும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை மேல்தோலில் உள்ள மெலனின் குறைவாகத்தான் உறிஞ்சும். அதனால கறுத்த தோலுக்கு அது கூடுதல் பாதுகாப்பு.

ஆகவே சல்லி கட்டுறதுக்கு முன்னால கேளுங்க: என்ன லேசர்? யார் செய்யப் போறாங்க? முதல்ல சின்ன இடத்தில் செய்து பார்ப்பீங்களா? பதில் வராட்டி, வந்த பஸ்ஸிலேயே திரும்பிடுங்க. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம்கூட அனுமதிக்கும் வார்த்தை 'நிரந்தரக் குறைப்பு'தான். அடியோட நீக்கம் இல்ல.

இன்னொன்று. முகத்தில் தடிச்ச முடி வருது, மாதவிடாயும் ஒழுங்கில்ல என்றால் முதல்ல வைத்தியரிடம் போங்க. ஹோர்மோன் கோளாறு அப்படியே இருந்தா, எத்தனை தடவை லேசர் பண்ணினாலும் புதுமுடி வரும்.

2024இல் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் முதலிடம் எடுத்த மாணவியின் புள்ளியைப் பார்க்காம, அவளோட மீசையைப் பார்த்து இணையத்தில் சிரிச்சாங்க. நம்ம வகுப்பிலும் அப்படிச் சிரிக்கிறோமே? தன் விருப்பத்துக்கு லேசர் பண்ணப் போறது ஒன்று. நம்ம சிரிப்புக்குப் பயந்து ஒருத்தி போறது வேற. ரெண்டாவதுக்கு மருந்து நம்ம கையிலதான் இருக்கு.