லேப்டாப்பைத் தேத்தலாமா... மாத்தலாமா?

பவர் பட்டனைத் தட்டிவிட்டு மெஸ்ஸுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட்டுட்டு வந்தாலும் அந்தப் புள்ளி வட்டம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கா? அப்ப இந்த வாரம் உங்களுக்குத்தான் மக்கா!

கடைக்காரர்கிட்ட போய் 'ஸ்லோவா இருக்குண்ணா'ன்னு சொன்னா அவர் புதுசைத்தான் எடுத்துக் காட்டுவார். அது அவர் பொழப்பு. நாம போறதுக்கு முன்னாடி நோயாளிக்கு எங்கே வலின்னு பார்த்துடணும். பைசா செலவில்லாத டெஸ்ட் இருக்கு. தினம் திறக்கிற ஐட்டங்களை எல்லாம் திறந்து வைங்க... குரோமில் பத்து டேப், ரெண்டு பி.டி.எஃப்., கோடிங் சாஃப்ட்வேர்னு. இப்ப கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை அஞ்சு நிமிஷம் பொறுமையா பாருங்க.

டிஸ்க் 100 சதவிகிதத்தில் நட்டுக்கிட்டு நிக்குதா? ஹார்ட் டிஸ்க்தான் வில்லன். மெமரி 90-ஐத் தாண்டி மூச்சு வாங்குதா? ரேம் பத்தலை. ரெண்டும் சும்மா இருக்க, சி.பி.யு. மட்டும் உச்சத்தில் இருந்தா பிரச்னை ப்ராசஸரில். அங்கே நம்ம பாச்சா பலிக்காது. இப்போதைய லேப்டாப்களில் ப்ராசஸரை போர்டோடு சேர்த்துப் பத்த வெச்சே அனுப்பிடறாங்க. இன்னொரு விஷயம்... ரேம் பத்தலைன்னா விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் எழுதும். அதனால் டிஸ்க்கை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாம, ரெண்டையும் சேர்த்தே பாருங்க.

ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படி இழுக்குது? உள்ளே ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுத்துது. கேட்க பயங்கர ஸ்பீடு மாதிரி இருக்கும். ஆனா கணக்குப் போட்டா ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். அது போக, ஊசி மாதிரி ஒரு கை நகர்ந்து சரியான இடத்துக்கு வரணும், தேவையான இடம் சுத்தி அதுக்குக் கீழே வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஆக, ஒரு செகண்டில் நூறு வெவ்வேறு இடங்களைக்கூட அதால் தொட முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை அங்கங்கே போய்ப் பொறுக்கணுமே! எஸ்.எஸ்.டி.யில் சுத்துறதும் இல்லை, நகர்றதும் இல்லை. அதே ஒரு செகண்டில் ஆயிரக்கணக்கில் படிச்சுத் தள்ளிடும். அதனால்தான் ஏழு வருஷத்துக் கிழவன்கூட எஸ்.எஸ்.டி. மாட்டினதும் எழுந்து குத்தாட்டம் போடறான். கழட்டின ஹார்ட் டிஸ்க்கையும் வீசிடாதீங்க. யு.எஸ்.பி. கேஸ் ஒண்ணு வாங்கி அதில் போட்டா பேக்கப் டிரைவ் ரெடி.

ரேம் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. ஸ்லாட் இருக்கா? ஒல்லிக்குச்சி மாடல்கள் பலவற்றில் ரேமையும் போர்டிலேயே பத்த வெச்சிருப்பாங்க. அடுத்தது, டி.டி.ஆர்.3-யா, 4-ஆ? ஒண்ணு இன்னொண்ணோட ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. விலையைப் பத்தியும் சொல்லிடறேன். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கிட்டுப் போனதில் 2025 கடைசியில் ரேம் விலை எகிறிடுச்சு. சீனியர் 'நான் ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன்'னு சொல்ற கதையை நம்பிப் போகாம, அன்னிக்கு விலையை நாலு கடையில் கேளுங்க.

இனிமேதான் கொஞ்சம் சீரியஸ். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு வழக்கமான அப்டேட்டை நிறுத்திடுச்சு. பதிவு பண்ணிக்கிட்டவங்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட்னு அவகாசம் கொடுத்தாங்க. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேணும். இன்டெல் ப்ராசஸர்னா பொதுவா எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும். உங்களுது எத்தனையாவது தலைமுறை? ஐ3, ஐ5-க்குப் பக்கத்தில் இருக்கிற நம்பரைப் பாருங்க. 7200-னு ஆரம்பிச்சா ஏழு, 8250-ன்னா எட்டு, 10210-னா பத்து. ஏழுக்காரங்க எஸ்.எஸ்.டி., ரேம்னு எவ்வளவு தேத்தினாலும் இந்தச் சுவரில் முட்டித்தான் ஆகணும்.

என் கிளாஸ் பொண்ணு ஒருத்தி, ஈரோட்டுப் பக்கம். அண்ணன் 2018-ல் வாங்கின லேப்டாப்தான் அவளுக்கு வந்தது. ஐ3 ஏழாம் தலைமுறை, 4 ஜி.பி. ரேம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். ப்ளேஸ்மென்ட்டுக்கான ஆன்லைன் டெஸ்ட்டில் கேமராவை ஆன் பண்ணினாலே ஸ்கிரீன் உறைஞ்சு நின்னுடும். புதுசு நாற்பத்தஞ்சாயிரம். 'செயினை வெச்சுட்டு வாங்கிக்கோ கண்ணு, வேலை கெடைச்சதும் மீட்டுக்கலாம்'னு அம்மா போனில் சொல்லிட்டாங்க. வேலை கிடைக்கத்தானே டெஸ்ட், டெஸ்ட்டுக்குத்தானே லேப்டாப்... சுத்திச் சுத்தி அதே இடம்!

நாலு பேர் உட்கார்ந்து பேசினோம். நல்லவேளை, அதில் ஒரு ரேம் ஸ்லாட் காலி. எஸ்.எஸ்.டி. ஒண்ணு, ரேம் ஒண்ணு, புதுசா விண்டோஸ் இன்ஸ்டால். நாலு நிமிஷம் எடுத்த மெஷின் அரை நிமிஷத்துக்குள் எழுந்துடுச்சு. செயின் அம்மா கழுத்திலேயே இருக்கு. ஆனா இது கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி, நிரந்தரம் இல்லைன்னு அவளுக்கும் தெரியும். பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு பண்ணி வெச்சிருக்கா. வெயிட்டான சிமுலேஷன் எல்லாம் காலேஜ் லேபில்தான். லினக்ஸ் மின்ட் போடலாமேன்னு ஒருத்தன் சொன்னான். நல்ல யோசனைதான், பழைய மெஷினுக்குப் பொருத்தமானதும்கூட. ஆனா சேஃப் எக்ஸாம் பிரவுசர் மாதிரி சில தேர்வு சாஃப்ட்வேர்கள் லினக்ஸுக்குக் கிடையாது. டெஸ்ட் அன்னிக்குப் போய் முழிக்கக் கூடாதே!

எல்லாருக்கும் இது சரிப்படாது. மெக்கானிக்கலில் ஆன்சிஸ், சாலிட்வொர்க்ஸ்னு தினம் மல்லுக்கட்டுறவங்க பழைய ஐ3-யில் காசைக் கொட்டாதீங்க. தேத்துற செலவு புது லேப்டாப் விலையில் மூணில் ஒரு பங்கைத் தாண்டினா, என் ஓட்டு மாத்துறதுக்குத்தான். அதுக்காக மெஷின் லேர்னிங் படிக்கிறோம்னு கிராஃபிக்ஸ் கார்டுக்காக லட்ச ரூபாய் கேட்டு அப்பாவைப் படுத்தவும் வேண்டாம். கூகுள் கோலாப்பில் இலவச ஜி.பி.யு.வே காலேஜ் ப்ராஜெக்ட் பலதுக்குப் போதும். நடுவில் இன்னொரு வழியும் இருக்கு. கம்பெனிகள் பயன்படுத்திக் கழிச்ச திங்க்பேட், லேட்டிட்யூட் வகையறா ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். எட்டாம் தலைமுறைக்குக் குறைஞ்சதைத் தொடாதீங்க. பில்லும் வாரன்டியும் எழுத்தில் வேணும். பேட்டரி ரிப்போர்ட்டை அங்கேயே எடுக்கச் சொல்லுங்க. டிசைன் கெபாசிட்டிக்கும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டிக்கும் எவ்வளவு இடைவெளியோ, அவ்வளவு பேட்டரி காலி!

அப்புறம், பழசோ புதுசோ... டச்பேட் லேசா மேலே தூக்கிக்கிட்டு இருந்தா பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடறதை உடனே நிறுத்திட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்க. அமுக்கிப் பார்க்கிற விளையாட்டெல்லாம் கூடவே கூடாது.

பழைய லேப்டாப்பை விக்கிறதுக்கு முன்னாடி எதையெல்லாம், எப்படி அழிக்கணும்? அது அடுத்த வாரம். வர்ட்டா!