வாகனக் கண்ணாடியின் விடாப்பிடிக் கறைகள்



புத்தளத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு, குடும்பத்துடன் இரவில் திரும்பிக்கொண்டிருந்தேன். பகலில் எந்தக் குறையும் தெரியாத எனது பழைய வானின் முன் கண்ணாடி, எதிரே ஒரு லொறி வெளிச்சம் போட்டுக்கொண்டு வந்ததும் பால் ஊற்றியது போல வெளுத்துப் போயிற்று. பாதையும் தெரியவில்லை; பாதையின் ஓரமும் தெரியவில்லை. "சைக்கிள், சைக்கிள்!" என்று பக்கத்தில் இருந்த மனைவி கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் விளக்கில்லாத சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு முதியவர் மயிரிழையில் தப்பினார். வீடு வந்து சேரும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

தவறு அவருடைய விளக்கில் மட்டுமல்ல, என்னுடைய கண்ணாடியிலும் இருந்தது. ஒவ்வொரு நாளும் கிணற்று நீரால் வாகனத்தைக் கழுவி, துடைக்காமல் வெயிலில் காயவிடுவது எங்கள் வழக்கம். அதனால் கண்ணாடி முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள் படிந்திருந்தன.

மறுநாள் காலை நான் செய்த காரியம் அதைவிட மோசமானது. சவர்க்காரத்துக்குப் பொட்டுகள் போகவில்லை என்று கண்டதும், பாத்திரம் துலக்கும் தூளையும் கம்பிச் சுருளையும் எடுத்து ஒரு மணி நேரம் தேய்த்தேன். பொட்டுகள் பெருமளவு போயின. ஆனால் அன்றிரவு பார்த்தால் எதிர் வெளிச்சம் சிலந்தி வலை போல விரிந்தது. எங்கள் ஊர் கராஜ்காரர் கண்ணாடியில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஹஸ்ரத், நீங்க இதக் கழுவல்ல, கீறி வெச்சிருக்கீங்க" என்றார். கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. அது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிற்று.

அந்தச் செலவில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: கறை இன்னதென்று அறிந்த பின்பே அதில் கை வைக்க வேண்டும். பலத்தால் போகாத கறை, அதற்குரிய மருந்தால் இலகுவாகப் போய்விடும்.

முதலில் கறை உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள். பலர் வெளிப்புறத்தைத் தேய்த்துக் களைத்த பிறகே அது உள்ளே இருப்பதைக் காண்கின்றனர். இதற்கு ஒரு சிறு உபாயம் உண்டு. வெளிப்புறத்தை மேலிருந்து கீழாகவும், உட்புறத்தை இடமிருந்து வலமாகவும் துடையுங்கள். எஞ்சி நிற்கும் கோடு எந்தப் பக்கத்தது என்பதை அதன் போக்கே சொல்லிவிடும்.

வெள்ளைப் பொட்டுகள்

இவை உப்பு நீர், கடின நீர் விட்டுச் சென்ற சுண்ணாம்புப் படிவுகளாகும். புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக் கல் நிலப் பகுதிகளின் கிணற்று நீரில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்துள்ளன. நீர் ஆவியாகிப் போகும், அவை போகா. நமது கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கட்டிக் கிடப்பதும் இதே பொருள்தான். கேத்தலுக்கு வீட்டுப் பெண்கள் செய்யும் வைத்தியமே கண்ணாடிக்கும் பொருந்தும். அது புளிப்பு.

வினாகிரியும் நீரும் சம அளவில் கலந்து, ஒரு துணியை அதில் நனைத்து, பொட்டுகள் மீது பத்துப் பதினைந்து நிமிடம் படிய விடுங்கள். துணி காய்ந்துவிடக் கூடாது. பின்னர் மென்மையான துணியால் துடைத்து, நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். ஒரு தடவையில் போகாவிட்டால் இரண்டு, மூன்று தடவைகள் செய்யலாம். வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ச் சாறும் உதவும். இதை வெயிலில் சூடேறிய கண்ணாடியில் செய்யாதீர்கள். நிழலில், காலையிலோ மாலையிலோ செய்யுங்கள். வழிந்து பெயின்டில் பட்டதை உடனே கழுவிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: வெண்மையாக்கும் குளோரின் திரவத்துடன் வினாகிரியையோ தேசிக்காயையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

மரப் பால், தார், எச்சம்

மாமரத்தின் கீழும் பலா மரத்தின் கீழும் வாகனத்தை நிறுத்துவோருக்கு மரப் பிசின் பெரும் தொல்லை. இதற்குப் புளிப்பு உதவாது. பார்மசியில் வாங்கும் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து, கறை மீது சற்று நேரம் வைத்தால் பிசின் இளகும். புதிதாகப் போட்ட பாதையில் தெறித்த தாருக்கு மண்ணெண்ணெய் சிறிதளவு போதும். ஆனால் மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலம் விட்டுச் செல்லுமாதலால், பின்னர் சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். இரண்டுமே தீப்பற்றக்கூடியவை, அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தூரமாக வைத்து வேலை செய்யுங்கள்.

பறவை எச்சத்துக்கும் பூச்சிகளுக்கும் மருந்தே தேவையில்லை. ஈரத் துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறிக் கழன்றுவிடும். காய்ந்த நிலையில் சுரண்டுவதே பிழை. அதில் கலந்துள்ள மணல் கண்ணாடியைக் கீறும். வைப்பரைக் காய்ந்த கண்ணாடியில் ஓட்டுவதும் இதே காரணத்தால் பிழையாகும்.

உள்ளே படியும் மங்கல்

வெயிலில் சூடேறும்போது டாஷ்போர்ட் பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி, கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. புகைபிடிப்போரின் வாகனத்தில் இது இன்னும் அதிகம். முதலில் சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும், பிறகு வினாகிரி நீராலும், கடைசியில் காய்ந்த துணியாலும் துடையுங்கள். பின் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய கம்பிக் கோடுகள் இருந்தால், அவை ஈரம் போக்கும் சூடேற்றிகள். அங்கே பிளேட் வைக்காதீர்கள். கோடுகளின் போக்கிலேயே மெதுவாகத் துடையுங்கள்.

எதற்கும் போகாதவை

மேற்சொன்ன எதற்கும் அசையாத பொட்டுகள் இருக்கலாம். நீண்ட காலம் கிடந்த படிவு, கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடுவதுண்டு. அதற்கு சீரியம் ஒக்சைட்டு என்னும் நுண்ணிய தூளை நீரில் குழைத்து மெருகிடுவர். இது தேர்ந்த கைக்குரிய வேலை. ஒரே இடத்தில் அதிகம் தேய்த்தால் அங்கே குழிவு உண்டாகி, காணும் காட்சி நெளியும். நகம் தடக்குமளவு ஆழமான கீறலும், மணல் தெறித்து உண்டான புள்ளிக் குழிகளும் கறைகளே அல்ல, காயங்கள். சாரதியின் பார்வைக்கு நேரே அவை மலிந்திருந்தால் கண்ணாடியை மாற்றுவதே வழி.

வராமல் காப்பது இவை எல்லாவற்றையும்விட இலகுவானது. கழுவியதும் வெயில் உறிஞ்சுமுன் துடைத்துவிடுங்கள். இயலுமானால் கடைசியாக ஊற்றும் ஒரு வாளி மழை நீராக இருக்கட்டும். அதில் சுண்ணாம்பு இல்லை. வைப்பரின் றப்பரை வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடையுங்கள். அது வெடித்திருந்தாலோ இறுகியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். கண்ணாடியின் விலையோடு பார்த்தால் றப்பரின் விலை ஒன்றுமேயில்லை.

சகோதரர்களே! பகல் வெளிச்சம் இந்தக் குறைகளை மறைத்துவிடுகிறது. இரவில் எதிர் வெளிச்சம் ஒவ்வொரு பொட்டிலும் பட்டுச் சிதறும்போதுதான் அவை திரையாக மாறுகின்றன. வயது ஏற ஏறக் கண் கூசுவதும் அதிகரிப்பதால், நாற்பதைக் கடந்தோர் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஆகவே இன்றிரவே வாகனத்தில் அமர்ந்து, வீட்டாரில் ஒருவரை எதிரே சற்றுத் தூரத்தில் டோர்ச் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். கண்ணாடி வெளுத்தால், நாளைக் காலை முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

அன்று தப்பிய முதியவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்காக ஒரு வீட்டில் யாரோ விளக்கேற்றி வைத்துக் காத்திருந்திருப்பார்கள். கண்ணாடியைத் துடைக்கும் ஒவ்வொரு தடவையும் அவர்தான் என் நினைவுக்கு வருகிறார்.