2027 ஜூனுக்குள் பல்கலைக்கழக நூல்கள் நம் ஊருக்கு வரவேண்டும்

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தமிழ் மக்களுக்கு ஒரு பொது வேண்டுகோள்



2024 ஜூலை 1 அன்று கேரளக் கல்லூரிகளில் நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கியது. அன்று சித்தூர் அரசுக் கல்லூரியிலும் மூணாறு அரசுக் கல்லூரியிலும் பி.ஏ. தமிழ் வகுப்பில் போய் அமர்ந்த நம் பிள்ளைகள், 2027 ஜூனில் நான்காம் ஆண்டின் வாசலில் நிற்பார்கள். 133 கிரெடிட்டோடு மூன்றாண்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறலாம். 177 கிரெடிட் வரை தொடர்ந்தால் ஆனர்ஸ். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் எடுத்தவர்களுக்கு ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ். ஆய்வு என்றால் ஆய்வேடு எழுதவேண்டும். ஆய்வேடு எழுத நூல் வேண்டும். அந்த நூல்கள் எங்கே இருக்கின்றன, நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்த வேண்டுகோள்.

இதை எழுதும் நாங்கள் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியார் பக்கங்களைச் சேர்ந்த ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்கள், தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெற்றோர். எந்தக் கட்சியின் சார்பாகவும் பேசவில்லை. மலையாளத்துக்கு எதிராகவும் பேசவில்லை. எங்கள் பிள்ளைகள் மலையாளமும் படிக்கிறார்கள், படிக்கட்டும். தமிழை உயர்கல்விப் பாடமாக எடுத்தவர்களுக்கு அதற்குரிய நூல்கள் கிடைக்கவேண்டும் என்று மட்டும் கேட்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். இடுக்கி மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தமிழர். பாலக்காட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் கேரளத்தில் தமிழ் ஆராய்ச்சிக்கென்று நெடிய மரபும் தனித் துறையும் நூல் தொகுப்பும் கொண்ட கேரளப் பல்கலைக்கழகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அதன் அதிகார எல்லைக்குள் பாலக்காடும் இல்லை, இடுக்கியும் இல்லை. சித்தூர், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. மூணாறு, கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. தமிழ்ச் சிறுபான்மையினர் செறிந்து வாழும் இரண்டு மாவட்டங்களும் மாநிலத்தின் தமிழ்ச் செல்வத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன.

இது எப்படி நேர்ந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. நாமாவது சொல்லுவோம்.

சித்தூர் கல்லூரி 1947இல் தொடங்கியபோது சித்தூர் கொச்சி சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்தது. கொச்சிக் கல்லூரிகள் அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1924இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டதும் அதே பல்கலைக்கழகம்தான். 1956 நவம்பர் 1 அன்று மாநிலம் மாறியது. கல்லூரி கேரளப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பிறந்ததும் அதன் கீழ் வந்தது. ஆக, ஒரே கல்லூரி மூன்று பல்கலைக்கழகங்களைப் பார்த்துவிட்டது.

மலையில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் பகுதிகள். 1937இல் தொடங்கிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம்தான் 1957இல் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. 1983இல் கோட்டயத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் அமைந்தபோது இடுக்கி அதனோடு போனது. ஒவ்வொரு முறையும் கல்லூரிகள் கைமாறின, பதிவேடுகள் கைமாறின, தேர்வுக் கட்டணம் செலுத்தும் முகவரி மாறியது. தமிழ் நூல்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. எல்லைக்கோட்டை நகர்த்தியவர்கள் வாசகனை நினைத்துப் பார்க்கவே இல்லை. எங்கள் முதன்மையான குறை இதுதான்.

அந்த நூல்கள் யாருடைய உழைப்பில் சேர்ந்தவை? கேரளப் பல்கலைக்கழக நூலகம் 1942இல் தொடங்கியது. 1940களில் வள்ளல் அழகப்பச் செட்டியார் தமிழாராய்ச்சிக்காகத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். அன்றைய ஒரு லட்சம் எவ்வளவு பெரிய தொகை என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை 1951 முதல் 1954 வரை அங்கே தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். அவருக்குப் பின் வந்த வ. அய். சுப்பிரமணியம் உருவாக்கிய புறநானூற்றுச் சொல்லடைவை 1962இல் அந்தப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. புறநானூற்றில் ஒரு சொல் எந்தெந்தப் பாட்டில், எந்தெந்த அடியில் வருகிறது என்று காட்டும் நூல் அது. சேர மன்னர்களைப் பற்றி ஆய்வேடு எழுத நினைக்கும் மூணாறு மாணவிக்கு முதல் நாளே தேவைப்படும் நூல்.

திருவனந்தபுரத்தின் காரியவட்டத்தில் இருக்கும் கீழைக்கலை ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமும் இன்னொரு கருவூலம். 1908இல் கணபதி சாஸ்திரியின் பொறுப்பில் தொடங்கிய சுவடிப் பதிப்புப் பணி பின்னாளில் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இன்று ஏறத்தாழ 65,000 சுவடிகள் அங்கே இருக்கின்றன. வடமொழி, மலையாளச் சுவடிகளோடு தமிழ்ச் சுவடிகளும் உண்டு.

இப்போது தூரத்தைக் கணக்கிடுங்கள். பாலக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் 300 கிலோமீட்டருக்கு மேல். மூணாற்றிலிருந்து 250க்கு மேல். தங்கள் சொந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கே சித்தூர்ப் பிள்ளை தேஞ்ஞிப்பலம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். மூணாறு பிள்ளை அடிமாலி வளைவுகளில் இறங்கி அதிரம்புழை போகவும் அதே அளவு. விடியற்காலைப் பேருந்தில் ஏறினால் பகல் ஏறித்தான் நூலகப் படி ஏறமுடியும். இரண்டு மணி நேரம் குறிப்பெடுத்தால் திரும்பும் பேருந்து நினைவுக்கு வரும். கடைசி வண்டி தவறினால் இரவு எங்கே தங்குவது? மகளைத் தனியே அனுப்பும் லயத்து வீட்டுத் தாய்க்கு அந்த ஒரு நாள் என்பது அவளுடைய கூலியில் ஒரு நாள், பயணச் செலவு தனி, பயம் தனி. ஒரே நூலை மூன்று முறை பார்க்க வேண்டியிருந்தால்? அதனால்தான் நம் பிள்ளைகளின் கையில் மூல நூல்கள் இல்லை. பொள்ளாச்சியிலும் தேனியிலும் வாங்கிய கையேடுகளும், யாரோ கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிய பக்கங்களும், ஓரம் வெட்டுப்பட்ட நகல்களும்தான் இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு ஆய்வு செய்யச் சொல்வது அநியாயம்.

மூணாறு கல்லூரியின் நிலை இன்னும் வேதனை. 2018 பெருமழையில் மண் சரிந்து கல்லூரிக் கட்டடங்கள் சிதைந்தன. அதன் பிறகு தற்காலிக இடங்களில் வகுப்புகளை நடத்தும்படி ஆனது. நிலையான கட்டடம் இல்லாத கல்லூரியில் நிலையான நூலகம் எப்படி வளரும்?

"எல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்று சிலர் சொல்கிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் "ஒரு நாடு, ஒரு சந்தா" திட்டம் நடைமுறையில் இருக்கிறது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி நிறுவனங்கள். நல்ல திட்டம்தான், வரவேற்கிறோம். ஆனால் அவை பெரும்பாலும் பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கில இதழ்கள். வேதியியல் படிக்கும் பிள்ளைக்குக் கிடைத்த வாசல் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இன்னும் திறக்கவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பெரும் உதவி. அங்கே பழைய பதிப்புகள் கிடைக்கும். பதிப்புரிமை முடியாத அண்மைக்கால ஆய்வுகள் பலவற்றுக்கு அச்சு நூலே கதி. 2020 பெருந்தொற்றில் ஆன்லைன் வகுப்புக்காக மலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிச் சாலையோரம் உட்கார்ந்திருந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா?

கேரளம் நூலகத்தின் அருமை தெரியாத மாநிலம் அல்ல. பி. என். பணிக்கர் 1945இல் தொடங்கிய நூலக இயக்கத்தால் ஊருக்கு ஊர் வாசகசாலை எழுந்த மண் இது. தேவிகுளம் தாலுகாவின் இடமலைக்குடியில், தேநீர்க் கடை நடத்திய ஒரு முதியவர் 160 நூல்களை வைத்து நூலகம் நடத்தினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் அதைப் பற்றி எழுதினார். காட்டுக்குள் இருந்த அந்தக் கடையில் முதுவான் மக்கள் கடன் வாங்கிப் படித்த நூல்களில் சிலப்பதிகாரமும் ஒன்று. வட்டவடையைச் சேர்ந்த மாணவர் அபிமன்யு தன் ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். 2018 ஜூலை 2 அன்று எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் அவர் கொல்லப்பட்ட பிறகு, கேரளம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் நூல்கள் வந்து குவிந்து அவர் பெயரில் வட்டவடையில் நூலகம் எழுந்தது. மக்கள் தம் கடமையைச் செய்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் எப்போது செய்யும்?

வழி இல்லாமல் இல்லை. 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். மாட்டு வண்டி போன காலத்தில் முடிந்தது, வேன் ஓடும் காலத்தில் முடியாதா?

நாங்கள் கேட்பவை நான்கு.

1. கோழிக்கோடு பல்கலைக்கழகம் சித்தூரிலும், மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் மூணாற்றிலும் தமிழ் நூல்களுக்கான கிளை நூலகம் ஒன்றை 2027 ஜூனுக்குள் தொடங்கவேண்டும்.

2. கேரளப் பல்கலைக்கழகத்திலுள்ள தமிழ் நூல்களை இந்த இரண்டு கல்லூரிகளின் வழியாக இரவல் பெற, மூன்று பல்கலைக்கழகங்களும் உடன்பாடு செய்துகொள்ளவேண்டும்.

3. காரியவட்டத்துத் தமிழ்ச் சுவடிகளின் பட்டியலும் மின்படிகளும் எல்லைப் பகுதிக் கல்லூரிகளுக்குக் கிடைக்கவேண்டும்.

4. வண்டிப்பெரியார், மறையூர், கொழிஞ்சாம்பாறை, அகளி ஆகிய ஊர்களுக்கு மாதம் ஒரு முறையாவது நூலக வேன் வரவேண்டும்.

இனி நம் மக்களிடம் ஒரு சொல். கசப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி பிரிக்கிறோம். நடிகரின் படம் வெளியானால் கட் அவுட் வைக்கக் காசு சேர்கிறது. நம் பிள்ளைகளின் நூலகத்துக்காக எந்த கிராம சபையில் எழுந்து நின்று கேட்டோம்? 2001 கணக்கெடுப்பில் சுமார் 6 லட்சமாக இருந்த கேரளத் தமிழர் தொகை பத்தே ஆண்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் குறைந்தது. தமிழ் வகுப்பில் சேரப் பிள்ளை இல்லை என்றால் வகுப்பை மூடுவார்கள். 2027இல் நான்காம் ஆண்டுக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்றால், "தேவை இல்லை" என்று கோப்பில் எழுதி முடித்துவிடுவார்கள். அப்படி எழுதிய பிறகு அந்தக் கோப்பைத் திறப்பது எளிதல்ல.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு நம் மலையே சாட்சி. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டத்துப் பெண்கள் ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரிய சங்கங்களின் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. 20 விழுக்காடு போனஸை வாங்கிவிட்டுத்தான் எழுந்தார்கள். அந்தத் தாய்மாரின் பிள்ளைகள்தான் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. இந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். உயர்கல்வித் துறைக்கு வீட்டுக்கு ஒரு மனு எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள். நகலை உங்கள் பஞ்சாயத்துக்கும் மூன்று பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த கிராம சபையில் இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக்குங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். நூலகத்தில் அக்கறையுள்ள மலையாள நண்பர்களையும் கையெழுத்திடச் சொல்லுங்கள், அவர்கள் மறுக்கமாட்டார்கள்.

மனு இந்த மாதமே போகவேண்டும். நாம் கேட்காமல் இருந்துவிட்டு, பின்னால் பிள்ளைகள் படிக்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது.