விருந்து மேசையில் பாலாடைக்கட்டி

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்கோடு பாலாடைக்கட்டித் துண்டுகளையும் குச்சியில் குத்திப் பரிமாறுவோர் உளர். பாலில் செய்தது ஆதலால் சைவமே என்று எண்ணிவிடுகிறோம். பாலைத் திரட்டக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டைச் சேர்ப்பது பழைய முறை. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ இன்றும் அவ்வாறே உருவாகிறது. நுண்ணுயிர்வழிப் பெற்ற ரென்னட்டும் உண்டு. உறையில் அது குறிக்கப்பட்டிருப்பின் கவலையில்லை. ஹலால் முத்திரை மட்டும் இதற்கு விடையாகாது. முறைப்படி அறுத்த கன்றின் ரென்னட் முஸ்லிம் நண்பருக்கு ஏற்புடையதாகலாம். மாட்டிறைச்சியை விலக்கிய நம் அத்தைக்கு ஆகுமா?

ஆகவே வீட்டில் செய்வதே மேல் என்பேன். கொழுப்பு நீக்காத பால் 1 லிட்டரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விடுங்கள். திரிந்து நீர் தெளிந்ததும் வெள்ளைத் துணியில் வடித்து, அலசி, ஒரு மணி நேரம் அம்மிக்குழவியால் அழுத்தி வையுங்கள். (அம்மி இன்னும் வீட்டில் இருந்தால்!) 200 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கிட்டும். நறுக்கி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, அன்னாசித் துண்டோடு கோத்துவிடலாம். நம் நாட்டு வெயிலுக்கும் இது உருகாது. ஆயினும் விருந்தினர் வரும்வரை குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும்.