கலத்தைக் காணாத கல்வி

உயிருள்ளவை யாவும் கலங்களால் ஆனவை என்ற வாக்கியத்தை மனனஞ் செய்யாது இலங்கையிற் பாடசாலையை விட்டு வெளியேறிய மாணவர் அரிதினும் அரிது. ஆயின் அவர்களுள் கலத்தைக் கண்டவர் எத்தனை பேர்? அவர்கள் அறிந்தது ஒரு செவ்வகம். அதனுள் ஒரு வட்டம். ஓரத்திற் கோடிழுத்துக் கலச்சுவர், குழியவுரு, புன்வெற்றிடம், கரு என்னும் பெயர்கள். பரீட்சைக்கு இது போதும். இதனை விஞ்ஞானக் கல்வி என்பதுதான் பொருந்தாது.

1665இல் றொபேட் ஹூக் தக்கைச் சீவலிற் கண்டவை உயிரற்ற வெறும் அறைகளே. 1838இல் தாவரங்களைப் பற்றி ஸ்லைடனும், 1839இல் விலங்குகளைப் பற்றிச் சுவானும் எழுதிக் கலக்கொள்கையை நிறுவினர். எனினும் புதுக்கலம் எங்ஙனம் பிறக்கிறது என்பதில் இருவருமே பிழைபட்டனர். பாயத்திற் பளிங்கு திரள்வதுபோல அது திரளுமென எண்ணினர். கலம் பிரிந்தே கலம் தோன்றுமென ரெமாக் அவதானித்துரைத்ததும், 1855இல் விர்ச்சோ அதனை வலியுறுத்தியதும் பின்னர் நடந்தவை. இத்துணைப் பிணக்கும் வகுப்பறையில் மூன்று பெயர்களாகவும் மூன்று ஆண்டுகளாகவும் சுருங்கிவிடுகிறது. பிழைத்தவர் எவ்வாறு பிழைத்தார் என்று கேட்க மாணவனுக்கு இடமேயில்லை.

நுணுக்குக்காட்டி இல்லையே என்பர். இருக்கும் இடங்களிலும் உடைந்துவிடுமென்றஞ்சி அலுமாரியிற் பூட்டிவைப்போர் உளர் என்பது ஒருபுறமிருக்க, கருக்கட்டாத கோழிமுட்டையின் மஞ்சட்கரு தனியொரு கலம். அதனைக் காண வெறுங்கண் போதும். அடுக்களையில் நாள்தோறும் உடைபடும் அதனை எந்த ஆசிரியர் வகுப்புக்குக் கொண்டுவருகிறார்? (வீட்டார் கூறும் மஞ்சட்கரு, பாடநூல் கூறும் கருவன்று என்பதையும் அப்போதே விளக்கிவிடலாம். இச்சொல் மயக்கத்தால் இடர்ப்படும் பிள்ளைகள் பலர்.) நுணுக்குக்காட்டி கிடைத்துவிட்டாலோ வெங்காயத்தின் உட்தோலும் ஒரு துளி அயடீனுமே வேண்டுவன.

செவ்வகப் படம் பொய்யும் உரைக்கிறது. மனிதரின் முதிர்ந்த செங்குழியத்திற் கரு இல்லை. முள்ளந்தண்டிலிருந்து பாதம்வரை செல்லும் நரம்புக்கலத்தின் நார் ஏறத்தாழ 1 மீற்றர் நீளும். கலமென்றால் கண்ணுக்குப் புலப்படாத செங்கல் என்று பயின்ற மாணவன் இவற்றை விதிவிலக்கெனக் குறித்துக்கொண்டு அப்பாற் செல்கிறான், விதியை ஐயுறுவதில்லை.

பாடத்திட்டம் நீண்டது, காலம் போதாது என்ற முறைப்பாட்டில் உண்மையுண்டு. எனினும் ஒரே படத்தை வகுப்புத்தோறும் மீளமீள வரைவிக்கக் காலம் கிடைக்கிறதே! வினாத்தாளிற் பெயரிட்ட படங் கேட்பதை விடுத்து, செய்முறையிற் கண்டதைக் கண்டவாறே வரைக என ஒரு வினாவேனும் வருதல் வேண்டும். பூட்டிய அலுமாரியின் திறப்பைத் தேட ஆசிரியருக்கு அதுவே போதிய காரணமாகும்.