சரக்கு ஏற்றாத கப்பல்

பாண்டிச்சேரியில் பிறந்தவனுக்கு உறவினர்கள் அதிகம். ரேஷன் கார்டில் இருப்பவர்களைச் சொல்லவில்லை. சென்னையிலும் சேலத்திலும் திருச்சியிலும் இருந்துகொண்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் நம்மை நினைத்துக்கொள்கிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். 'அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?' என்று ஆரம்பிப்பார்கள். முட்டிவலி விசாரணை முடிந்ததும் இரண்டு விநாடி மௌனம். 'அப்புறம்... வரும்போது...' அவ்வளவுதான். வாக்கியத்தை முடிக்கவே மாட்டார்கள். முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டு, 'நீ மட்டும் தவிர்க்க வேணாம்ப்பா' என்று காதில் சொல்லிவிட்டுப் போன பெரியப்பா எனக்கு இருக்கிறார். சிவகாசியில் பிறந்தவனிடம் பட்டாசு கேட்பார்கள், திருநெல்வேலிக்காரனிடம் அல்வா. அவனுக்கெல்லாம் வழியில் செக்போஸ்ட் இல்லை.

இதையெல்லாம் பழகிவிட்டவன்தான் நான். ஆனாலும் 2025 ஜூலையில் என் சித்தப்பா பையன் போன் பண்ணியபோது கொஞ்சம் அசந்துதான் போனேன்.

'அண்ணே, நாங்க அஞ்சு பேர் கப்பல்ல வரோம்!'

பையன் சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சென்னையிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் டிக்கெட் போட்டிருக்கிறான்கள். நடுவில் பாண்டியில் அரை நாள் இறங்கல்.

'ரெண்டு ஃபுல், ஆறு பீர் மட்டும் வாங்கி வெச்சிருண்ணே. ஹார்பர்ல வந்து கையில குடுத்தா போதும். கப்பல்ல ஒரு பெக்குக்கு அவன் போடற பில்லுல, உங்க ஊர்ல அரை பாட்டில் வாங்கிடலாம்!'

'உள்ள விடமாட்டான்டா.'

'டிக்கெட் வாங்கியிருக்கோம்ணே! நம்ம பை, நம்ம ரூம். கேக்கறதுக்கு அவன் யாரு?'

நல்ல கேள்வி. அவன் யார் என்று இரண்டு நாள் விசாரித்தேன். அவன் வேறு யாரும் இல்லை ஸார், சினிமா தியேட்டர்காரனின் பெரியண்ணன். வீட்டு முறுக்கை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டு, உள்ளே ஒரு பொட்டலம் பாப்கார்னை டிக்கெட்டை விட அதிக விலைக்கு விற்கிறானே, அவனுடைய அண்ணன். டிக்கெட் என்பது உள்ளே போவதற்கு மட்டும்தான். வியாபாரமே உள்ளே போன பிறகுதான் ஆரம்பம். அமெரிக்காவின் கார்னிவல் மாதிரிப் பெரிய கம்பெனிகளின் வருஷக் கணக்கைப் பார்த்தால், வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டில் வருவது இல்லை. பார், கடை, சூதாட்ட மேஜை, கரைச் சுற்றுலா என்று பயணியைக் கப்பலில் ஏற்றிய பிறகு கறப்பது. நீங்கள் பையில் ஒரு ஃபுல்லோடு ஏறினால், அவன் பாரில் அன்றைக்கு ஒரு நாற்காலி காலி.

அதற்காக ஒரேயடியாக மறுக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டிலும் ஏறுகிற அன்றைக்கு, வயது வந்த ஒருவருக்கு 750 மில்லி ஒயின் ஒரு பாட்டில் கொண்டு போகலாம். டிஸ்னி கப்பலில் ஒருவருக்கு இரண்டு ஒயின் அல்லது ஆறு பீர். (குழந்தைகளுக்குப் பொம்மை காட்டுகிற கம்பெனிதான் அப்பாக்களிடம் இவ்வளவு தாராளம். அனுபவம் பேசுகிறது.) விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாம் இவர்களிடம் பேச்சுக்கே இடமில்லை. சென்னையிலிருந்து ஓடும் நம் கார்டீலியா கப்பலிலோ வெளிச் சரக்குக்கே 'நோ'. பயணிகள் கப்பல் என்று ஏன் பெயர் வைத்தான் என்று இப்போது புரிகிறதா? சரக்கு ஏற்ற மாட்டான்.

இப்படிச் சட்டம் போட்டால் மனுஷன் சும்மா இருப்பானா? வாய் கொப்பளிக்கிற மருந்து பாட்டிலைக் காலி பண்ணி, வோட்காவை ஊற்றி, பச்சைச் சாயம் ரெண்டு சொட்டு விட்டுக் கொண்டு போகிறான் வெள்ளைக்காரன். ஷாம்பூ பாட்டில் போலவே தோற்றம் தரும் காலிக் குப்பிகளை இதற்கென்றே தயார் பண்ணி விற்கிறார்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, வோட்காவை நிரப்பி, சீல் உடையாத மாதிரியே மூடுகிற மகா கலைஞர்கள் பெருகிப் போனதால், 2015 ஜூலையிலிருந்து கார்னிவல் கப்பல்களில் பயணிகள் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வரவே தடை! நம் பக்கம் 'தண்ணி'க்குத் தடை என்றால் வேறு அர்த்தம். அங்கே குடிதண்ணீருக்கே தடை.

கப்பல்காரன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பாரில் குடிப்பவன் எத்தனையாவது ரவுண்டு என்று ஊற்றுகிறவனுக்குத் தெரியும். 'போதும் ஸார்' என்று நிறுத்தலாம். ரூமுக்குள் சொந்த பாட்டிலோடு உட்கார்ந்தவனை யார் எண்ணுவது? கீழே சுற்றிலும் கடல். ஆனால் இது இரண்டாவது காரணம். முதல் காரணம் கல்லாப்பெட்டிதான். இரண்டையும் மாற்றிச் சொல்லி ஒழுக்கம் பேசும்போதுதான் எனக்குச் சிரிப்பு வரும்.

ஒழுக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. இதே கப்பல் 2022 ஜூனில் சென்னையில் ஆரம்ப விழாவெல்லாம் கண்டுவிட்டுப் பாண்டிக்கும் வருவதாக இருந்தது. சூதாட்டம், ஆட்டம் பாட்டம், கலாசாரச் சீரழிவு என்று இங்கே ஒரே கூச்சல். அனுமதி கிடைக்கவில்லை, கப்பல் கரைக்கு ஆளை இறக்காமலே திரும்பியது. கூச்சல் போட்டவர்கள் ஊர்வலம் போன வழியில் எத்தனை ஒயின் ஷாப் என்று நான் எண்ணவில்லை. எண்ண ஆரம்பித்தால் ஊர்வலத்துக்குப் பின்தங்கி விடுவோம். பிறகு 2025 ஜூலை 4-ந் தேதி ஒருவழியாக வந்தது. அப்போதும் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் ஜனங்கள் இறங்கிச் சுற்றிப் பார்த்தார்கள்.

வந்ததே தவிர, கரையில் ஒட்டவில்லை. அவ்வளவு பெரிய கப்பலுக்கு நம் துறைமுகத்தில் ஆழம் ஏது? 1990-ல் கட்டியது, 'அஞ்சலி' படம் வந்த வருஷம். நாற்பத்தெட்டாயிரம் டன்னுக்கு மேல். அது கடலில் தள்ளி நிற்க, ஜனங்களைச் சின்னப் படகில் ஏற்றி உப்பளம் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்திலும் இதே கதைதான். கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டி வரும். 1866-ல் இரும்புப் பாலம் கட்டினார்கள். 1952 புயல் அதைச் சாப்பிட்டது. காந்தி சிலைக்கு எதிரே கடலில் நிற்கும் மிச்சத் தூண்களில் இப்போது காக்கா உட்காருகிறது. சுதந்திர இந்தியா கட்டிய இன்னொரு பாலம் 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. எனவே பாண்டிக்குக் கடல் வழியாக வருகிறவன் இன்றைக்கும் படகில்தான் வர வேண்டும், போக வேண்டும். ஏறும் இடத்தில் பையை எக்ஸ்ரே மெஷினில் வைக்க வேண்டும்.

சித்தப்பா பையன் விடவில்லை. 'பிடிச்சா என்னண்ணே? வாங்கி வெச்சிட்டு, கடைசி நாள் திருப்பிக் குடுத்துருவானாமே?'

உண்மைதான். வழித் துறைமுகங்களில் பயணிகள் வாங்கும் பாட்டிலைப் பல வெளிநாட்டுக் கப்பல்கள் வாங்கி, சீட்டு ஒட்டிப் பூட்டி வைத்து, கடைசி ராத்திரி திருப்பித் தருகின்றன. நம் கப்பலிலும் ஒரு புண்ணியவான் அப்படித் தருகிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தருவான்? சென்னையில். பாட்டில் மேல் என்ன அச்சடித்திருக்கிறது? புதுச்சேரியில் மட்டுமே விற்பனைக்கு. தமிழ்நாட்டு ஆயத்தீர்வை ஸ்டிக்கர் இல்லாத பாட்டிலோடு துறைமுக வாசலைத் தாண்டி ராஜாஜி சாலையில் கால் வைத்த அந்த நிமிஷம் அவன் பயணி இல்லை ஸார். கடத்தல்காரன். சாலைக்கு யார் பேர் என்று கவனித்தீர்களா? 1937-ல் சேலத்தில் மதுவிலக்கை ஆரம்பித்து வைத்தவர்.

அந்த 1937-ஆம் வருஷத்துச் சட்டம்தான் இன்றைக்கும் தமிழ்நாட்டில் அமல். டாஸ்மாக் கடை திறந்து அரசாங்கமே விற்பதும் 'மதுவிலக்குச் சட்டம்' என்ற பெயருள்ள அதே சட்டத்துக்குள்தான். 1948-ல் சென்னை மாகாணம் முழுக்கக் கடையைச் சாத்தினார்கள். நடுவில் பிரெஞ்சுக்காரன் கொடி பறக்கிற பாண்டிச்சேரி மட்டும் ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. நம் உறவினர்களின் தொலைபேசி மௌனத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. 1954 நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது, கடைகள் இறங்கவில்லை. அந்தப் பக்கம் 1971-ல் திறந்து, 1974-க்குள் மூடி, 1981-ல் மறுபடி திறந்து, 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இந்தப் பக்கம் எதுவும் மாறவில்லை, விலை குறைவு என்பது உட்பட. 2020 கொரோனாவில் மட்டும் சிறப்பு வரி போட்டுத் தமிழ்நாட்டு விலைக்குக் கொண்டு வந்தார்கள். அந்த நாட்களில்தான் என் போன் கொஞ்சம் ஓய்வெடுத்தது.

இதில் எல்லைக்கோடு வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. இன்னும் கொஞ்சம் போனால் காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பாண்டி டவுனில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு காலாப்பட்டில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகிறவன், வழியில் பத்து நிமிஷம் குற்றவாளியாக இருந்துவிட்டு, வீட்டு வாசலில் மறுபடி யோக்கியன் ஆகிறான்.

கப்பலில் பிடித்தால் பாட்டில் போகும். மிஞ்சினால் ஒரு அதட்டல். ரோட்டில் பிடித்தால் வண்டியும் சேர்ந்து போகும். பறிமுதல் பண்ணி, மதுவிலக்குப் போலீஸார் பொது ஏலத்தில் விடுகிறார்கள். டெல்லி மெட்ரோவில் சீல் உடைக்காத இரண்டு பாட்டில் கொண்டு போகலாம் என்று 2023-ல் அனுமதித்தார்கள். உள்நாட்டு விமானத்தில் சரக்குப் பெட்டியில் ஐந்து லிட்டர் வரை விடுகிறான். இதையெல்லாம் செக்போஸ்ட்டில் எடுத்துச் சொல்லிப் பாருங்களேன். 'விமானம் எங்கப்பா?' என்று கேட்பார்.

சித்தப்பா பையனும் கூட்டாளிகளும் வந்தார்கள். நான் வெறுங்கையோடு போய் நின்றேன். 'குடிக்கிறதை இங்கேயே உட்கார்ந்து குடிங்கடா. வயித்துக்குள்ள இருக்கறதை எக்ஸ்ரே மெஷின் கேக்காது' என்று ஒரு நல்ல ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். ஆளுக்கு ஒரு பீர், வஞ்சிர மீன் வறுவல், பீச் ரோட்டில் போட்டோ. படகு நேரத்துக்குச் சரியாக ஏற்றி விட்டேன். அவன்களுக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்குக் கண் முன்னால் நின்றது எங்கள் ஆபீஸ் அட்டெண்டர் பையன். இருபத்து மூன்று வயசு. கடலூரில் வீடு கட்டிய எங்கள் மேலதிகாரி ஒருத்தர், கிரகப்பிரவேசம் முடிந்த ராத்திரிக்கு என்று எட்டு பாட்டில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். 'நீ பைக்லதானேப்பா போவே' என்று பணமும் கொடுத்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். முடியாது என்று எப்படிச் சொல்வான்? கடலூர் ரோட்டில் ஒரு செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டான். பையில் எட்டு பாட்டிலைப் பார்த்தவர்கள், இது சொந்த உபயோகம் என்று நம்பத் தயாராக இல்லை. யாருக்கு என்று கேட்டபோது அந்தப் பையன் வாயைத் திறக்கவில்லை. கேஸ். கோர்ட். ஜாமீனுக்கு அவன் அம்மா தோட்டை வைத்தாள்.

மேலதிகாரி மறுநாள் ஆபீஸில் சொன்னார்: 'நான் ரெண்டுதானேப்பா சொன்னேன்?' அதற்கு அடுத்த நாள்: 'நான் எங்கே சொன்னேன்?' இதை அவர் சொல்லும்போது பைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நாங்கள் நாலு பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டு வக்கீலுக்குக் கொடுத்தோம். அதற்கு மேல் எங்களாலும் எதுவும் பேச முடியவில்லை.

பையனுக்கு சிங்கப்பூரில் மாமா இருக்கிறார், வேலை பார்த்து வைத்திருந்தார். பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டால் போலீஸ் விசாரணையில் 'வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா' என்று கேட்பார்கள். உள்ளது. வாய்தா வாங்கி வாங்கி, அந்த வேலைக்கு வேறு ஆள் போயாகிவிட்டது.

இப்போது பஸ்ஸில் வருகிறான். வண்டி கடலூரில் மதுவிலக்குப் போலீஸார் வளாகத்தில், வெயிலில் நிற்கிறது. தவணையில் வாங்கிய வண்டி. மாசம் ஐந்தாம் தேதி ஆனால் பேங்க்கில் தவறாமல் பிடித்துக்கொள்கிறார்கள். இன்னும் பதினோரு தவணை பாக்கி.